பங்குக் கிணற்றில் ஏறிய உப்பு

சண்டிலிப்பாயில் எங்கள் தோட்டக் கிணறு எனக்கும் அண்ணைக்கும் பாதிப் பாதி. இரண்டு வீட்டுக்கும் குடிக்கவும் வெங்காயத்துக்கு இறைக்கவும் அது ஒன்றுதான். முறை வைத்து இறைப்போம், நடுவில் ஊற்றுக்கு ஓய்வும் விடுவோம். போன கோடையில் அண்ணை பெரிய மோட்டர் ஒன்றைப் பூட்டி, நாள் முழுக்க ஓட விட்டார். எங்கள் சுண்ணாம்புப் பாறைக்குள் நல்ல தண்ணீர் மேலேயும் கடல் தண்ணீர் அடியிலும் கிடக்கிறது. அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால் அடியில் கிடப்பது மேலே ஏறிவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"உந்தக் கதையைப் பள்ளிக்கூடத்திலை போய்ச் சொல்லு," என்றார்.

அங்கேயும் இதைத்தான் சொல்கிறேன். உயர்தர வகுப்பில் எந்திரப்பி (என்ட்ரோபி) என்று கரும்பலகையில் எழுதி, கலப்பது தானாக நடக்கும், பிரிவது தானாக நடக்காது என்கிறேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்கள். வீட்டில்தான் என் பேச்சு எடுபடுவதில்லை.

ஆவணியில் தேத்தண்ணீர் கரித்தது. வெங்காயத் தாள் நுனியில் கருகத் தொடங்கியது. அண்ணை அப்போதுதான் என் முற்றத்துக்கு வந்தார்.

"இனி மெல்லமா இறைப்பம். உப்பு இறங்கிப் போகும்தானே?"

"மழை பெய்தால் கொஞ்சம் இறங்கும் அண்ணை. பழைய தண்ணி வர எத்தினை மாரி வேணுமோ தெரியாது."

ஒரு மாரிக்குக்கூட அவர் பொறுக்கவில்லை. உப்பு வடிக்கும் மெஷின் ஒன்றை வாங்கி வந்து பூட்டினார். அண்ணி ஒரு செம்பில் தந்தார். குடித்தேன், நல்ல தண்ணீர். சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் மற்றக் குழாயைக் கண்டேன். வடித்த உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர் அதன் வழியாக ஓடி, கிணற்றடியிலேயே ஊறிக்கொண்டிருந்தது.

வந்த ஆத்திரத்தில் குழாயை இழுத்து எடுத்தேன். "கரண்டையும் செலவழிச்சு, எடுத்த உப்பைத் திருப்பி எங்கடை கிணத்துக்கை விடுறியளே!"

"அப்ப எங்கை விடுறது? நீயே சொல்லு," என்றார் அண்ணை. அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

வேலிக்கு அங்கால் பார்த்தேன். கிழக்கு வளவில் ஒரு கிணறு, மேற்கு வளவில் ஒரு கிணறு, ஒழுங்கைப் பாதைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. எல்லாம் ஆட்கள் குடிக்கிற கிணறுகள். குழாயைக் கீழே போட ஓர் இடம் தெரியாமல், அது கையில் ஒழுக ஒழுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.