கடிக்காத ஈக்கள்

நாகர்கோவிலில் லேஸ் பின்னிக்கொண்டிருந்த லீலாபாய், 1929இல் கம்பவுண்டர் டைட்டஸைக் கல்யாணம் செய்து, திற்பரப்புக்கு மேலே அவர் வேலைபார்த்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தாள். மலைமேல் லேஸ் வாங்க ஆளில்லை. இரண்டு வருடம் கழித்து அங்கே மலேரியாவுக்காகக் கொசு ஆய்வு தொடங்கியது. பிடிக்க வைத்த கூண்டில் விழுந்த பூச்சிகளிலிருந்து லென்ஸ் வைத்துக் கொசுவைப் பிரித்தெடுக்க நிதானமான கை தேவைப்பட்டது. டைட்டஸ் மனைவியின் பெயரைச் சொன்னார்.

மற்றவற்றைக் கொட்டிவிட வேண்டும் என்பது உத்தரவு. அவள் ஒரு மாதிரி ஈயை மட்டும் கொட்டவில்லை. குருணையில் பாதிகூட இராது. கூன்முதுகு, புகைநிறச் சிறகு. காட்டோரக் கூண்டுகளில்தான் விழும். விழும்போதெல்லாம் அதை மருந்துக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, தேதி எழுதி வைத்தாள்.

ஆய்வு அதிகாரி பகவதியப்பன் ஒருநாள் குப்பிகள் இருந்த அலமாரியைத் திறந்தார்.

“இது கடிக்குமா?”

“கடிக்காது சார்.”

“காய்ச்சல் பரத்துமா?”

“இல்ல சார்.”

“பின்னே எதுக்கு ஸ்பிரிட்ட வீணாக்குதிய?”

அதற்குப் பிறகு ஸ்பிரிட் அளந்துதான் வந்தது. போதாததற்கு டைட்டஸ் சாராயம் வாங்கிக் கொடுத்தார். கம்பவுண்டர் வீட்டில் குடிக்கிறார்கள் என்று சர்ச் சபையில் பேச்சு கிளம்பி, உபதேசியார் வீடு தேடி வந்துவிட்டார். லீலாபாய் குப்பிகளை எடுத்துக் காட்டினாள்.

“குடிக்கது நாங்க இல்ல உபதேசியாரே. இதுவதான்.”

1936இல் ஆய்வு முடிந்தது. சேர்த்துவைத்த கொசுக்களை வாங்கிப்போக வந்த திருவனந்தபுரத்துக் கல்லூரி ஆசிரியர் சுந்தர்சிங், குப்பிகளைக் கண்டு இரண்டு நாள் தங்கினார். இந்த ஈ இனத்தைப் பற்றி எழுதியவர்களே மிகக் குறைவு என்றார். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “இதுல ரெண்டு வகை இருக்கு” என்றார்.

“மூணு சார்” என்றாள் லீலாபாய்.

“யார் சொன்னா?”

“சிலதுக்குப் பின்னங்கால்ல மயிர் ரெண்டு வரிசையாட்டு இருக்கு. பாருங்க.”

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மூணுதான்.”

அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். காப்பிக்கு வைத்த தண்ணீர் கொதித்து வற்றும்வரை சும்மா நின்றாள்.

குப்பிகளோடு போனவரிடமிருந்து கடிதம் வந்தது: இவற்றின் புழு எங்கே வளர்கிறது? அவளுக்குத் தெரியாது. அடுத்த மழைக்காலத்தில், சாய்ந்து மட்கிய மரம் ஒன்றின் பட்டையை டைட்டஸை வைத்துப் பெயர்த்தாள். உள்ளே வெள்ளைப் புழுக்கள். பட்டைத் துண்டைத் துணிக்கூண்டுக்குள் வைத்தாள். பதினோராம் நாள் ஈக்கள் வெளிவந்தன. எல்லாம் ஒரே வகை. மற்ற இரண்டும் எங்கே வளர்கின்றன என்பதை, டைட்டஸுக்கு வேறு வேலை கிடைத்து இருவரும் கொல்லம் போகும்வரை, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.