கையால் ஏற்றும் போல்ட்

போல்ட்டை முதலில் எதிர்ப்பக்கம் திருப்புவாள் ரோசாந்தா. விரல் நுனியால் மட்டும். மரையோடு மரை பொருந்தி ‘டக்’கென்று சின்னதாக ஓர் அசைவு வரும், அதற்குப் பிறகுதான் உள்ளே ஏற்றுவாள். அதுவரை ஸ்பேனர் தரையில் கிடக்கும். மலையில் முதல் பனி விழுந்ததும் குளிர்கால டயர் மாட்ட ஊரே அவள் கடை வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். “ஏர் கன் வெச்சு அடிச்சா ரெண்டு நிமிஷ வேலைதானே!” என்று யாராவது கத்துவார்கள். “ஆமா. அப்புறம் உன் சக்கரம் உனக்கு முன்னால வீடு போய்ச் சேரும், பரவால்லையா?” என்பாள், நிமிராமலே.

என் மனைவியின் அண்ணன் மகள் அவள். அப்பன் பஸ் ஓட்டியவன், அவனுடைய அப்பன் கொல்லன்; அகன்ற உள்ளங்கை அங்கிருந்து வந்தது. கழற்றிய போல்ட்டுகளைப் பழைய ரொட்டித் தட்டில், எந்த ஓட்டையிலிருந்து எடுத்தாளோ அந்த வரிசையிலேயே வைப்பாள். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துணியால் துடைத்து, சந்தையில் முட்டை வாங்குகிறவள் மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள்.

தம்பி மிலோயேயும் அங்கேதான் வேலை பார்த்தான். போன வசந்தத்தில் அவள் சாப்பிடப் போன நேரம், பாதிரியார் காரில் போல்ட்டை ஏர் கன்னால் கோணலாக அடித்து ஏற்றி, சக்கரம் மாட்டுகிற ஹப்பையே நாசம் பண்ணினான். வந்தவர் போனவர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டாள். கையுறையை வீசிவிட்டுப் போனவன்தான், பேச்சு நின்றது. அவன் மகள் யெலிகாவின் கல்யாணத்துக்குப் பிளம் சாராயக் குடுவையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அழைத்தவர்கள், அத்தை ரோசாந்தாவின் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள்.

கல்யாணத்தன்று காலையில் பனி கொட்டியது. மாப்பிள்ளை ஊர் கணவாய்க்கு அப்பால். மணப்பெண் போகவேண்டிய காரில் குளிர்கால டயர் மாட்ட மூன்று சக்கரம் மாற்றிவிட்டான் மிலோயே. நாலாவதில் ஒரு போல்ட் அசையவில்லை. ஸ்பேனரில் குழாயைச் செருகி மேலே ஏறிக் குதித்தும் பார்த்திருக்கிறான். போல்ட் முறிந்தால் கார் கிளம்பாது. வேறு வழியில்லாமல் அக்கா கடைக்கு மெல்ல உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். நான் அடுப்போரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

“வாங்க சார், எந்த ஊரு?” என்றாள் ரோசாந்தா.

“விளையாடாதக்கா. பொண்ணு வீட்ல ரெடியா நிக்குறா.”

“எந்தப் பொண்ணு? எங்கிட்ட யாரும் சொல்லலையே.”

மிலோயே தரையைப் பார்த்தான். நான் பேச வாயெடுத்தேன். “மாமா, உங்க காப்பி ஆறுது” என்று என்னை அடக்கிவிட்டு மண்டி போட்டாள்.

போல்ட்டைச் சுற்றித் துளித்துளியாக எண்ணெய் விட்டாள். அதன் தலையில் சுத்தியலால் மெதுவாகத் தட்டினாள். காத்திருந்தாள். பிறகு ஸ்பேனரை மாட்டி, கழற்றுவதற்குப் பதில் இன்னும் ஒரு மயிரிழை இறுக்கினாள்.

“ஐயோ, இறுக்குறியே!”

“துருவோட பிடியை விடுவிக்கிறேன்டா. மேல ஏறி நாட்டியம் ஆடினா விட்டுடுமா?”

கொஞ்சம் தளர்த்தி, திரும்ப இறுக்கி, இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். போல்ட் ஒரு முறை முனகியது. அப்புறம் முழுசாகக் கையில் வந்தது.

சக்கரம் மாறியது. ஜாக்கை இறக்கி, முறுக்கின் அளவு காட்டும் நீளமான ஸ்பேனரால் எதிரெதிராக இறுக்கி முடித்தாள். “அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி, இன்னொரு தடவ இறுக்கிப் பாக்கணும்.”

“அம்பதுன்னா கணவாய் உச்சியாச்சே. அங்க யாரு இருக்கா, அக்கா?”

மிலோயே காரைச் சுற்றிப் போனான். தன் பக்கக் கதவைத் திறக்கவில்லை, மறுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பனியில் நின்றான். தலையெல்லாம் வெள்ளையாகும்வரை நின்றான்.

ரோசாந்தா முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். “மாமா, அடுப்ப அணைச்சிட்டுக் கடையப் பூட்டிடுங்க” என்றாள். நீள ஸ்பேனரைச் சுத்தமான துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஏறி, அதை மடியில் கிடத்திக்கொண்டு, தம்பி சாத்தட்டும் என்று கதவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.