குளிர்காயும் வசதி: உண்டு

ரங்கூனில் என் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டபோது, வீடுகளுக்குக் குடியிருப்புச் சான்று தரும் அலுவலகத்திலிருந்து நான் ஓய்வுபெற்று ஓராண்டு ஆகியிருந்தது. மாடியில் இரண்டு அறைகள். அவற்றுக்கு மேலே, தகரக் கூரைக்கு அடியில் ஒரு மச்சு. தளமும் சுவரும் இழைத்த தேக்குப் பலகை, ஒரு சன்னல், ஏற மரப்படி. குறை சொல்ல முடியாத வேலை.

குடிவர விரும்பியவர் போட்டாதாங் துறைமுகத்தில் மூட்டை நிறுப்பவர். ஊரிலிருந்து மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள வேண்டும். அறைக்கு இருவர் என்பது விதி. மச்சும் ஓர் அறைதான் என்று சான்று கிடைத்தால்தான் ஐந்தாவது ஆளுக்கு இடம்.

"இல்லேன்னா பெரியவளை மாமன் வீட்டுல விட்டுட்டு வான்னு எழுதணும் சயா," என்றார். படித்தவர்களையும் வயதானவர்களையும் பர்மியர் அப்படித்தான் அழைப்பார்கள். நம்மவர்களுக்கும் அது தொற்றியிருந்தது. "எட்டு வயசுப் புள்ளை. வெள்ளிக்கிழமை தபால் கப்பல் போயிரும்."

விண்ணப்பத்தை நானே எழுதினேன். அந்தப் படிவத்தோடு முப்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவன் நான். எங்கோ குளிர் தேசத்தில் தயாரித்ததை இங்கே அப்படியே அச்சடித்திருந்தார்கள். ஒன்பதாவது கட்டத்தில் 'குளிர்காயும் வசதி உண்டா?' என்று கேட்டிருக்கும். அதை வெறுமனே விட்ட எத்தனையோ பேருக்கு நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று விசாரித்ததில்லை. என் விஷயத்தில் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள் என்று நானும் வெறுமனே விட்டேன்.

மறுநாளே திரும்பி வந்தது. நேரில் போனேன். என் பழைய நாற்காலியில் இருந்தவர் எழுந்து நின்றார்.

"கட்டம் காலியா இருந்தா திருப்பணும் சார். உத்தரவு."

"யார் போட்டது?"

"நீங்கதான் சார்." கோப்பைப் பிரித்துக் காட்டினார். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

"சரி, இல்லைன்னு எழுதறேன்."

"எழுதினா வசிக்கத் தகுதியில்லைன்னு முடிச்சிடணும். அதுவும் நீங்கதான்."

வாசலில் காத்திருந்த நிறுப்பவர் எட்டிப் பார்த்தார். "சயா, பெரியவ வர்றாளா?"

'உண்டு' என்று எழுதினேன். 'எவ்வகையில்?' என்ற இடத்தில் 'கூரை வழியாக' என்று எழுதினேன்.

வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்குப் பரிசோதகர் வந்தார். மச்சுக்கு ஏறியவர் அளவுநாடாவை முழுதும் விரிக்காமலே இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. 'வசதி போதுமானது' என்று எழுதிக் கையொப்பமிட்டார். மறுநாள் கடிதம் கப்பலேறியது. அடுத்த மாதம் ஐவரும் குடியேறினார்கள்.

தை பிறந்து சில நாளில், ஒரு காலை பெரியவள் போர்வையோடு என் கதவருகே நின்றாள்.

"மச்சுல குளிருது தாத்தா. கூரை வழியா வசதி உண்டுன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு அப்பா சொன்னாரு. எங்க இருக்கு?"

அவள் கேட்டது முறையான கேள்வி. பலகை அறைக்குள் நெருப்பு வைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அதை நான் போடவில்லை. சீனர்கள் வாழும் லத்தா பகுதிக்குப் போய் ஒரு கடையில் கனத்த பஞ்சுப் போர்வை ஒன்று வாங்கிவந்து, படியேறிக் கொடுத்தேன்.

அவள் போர்வையைப் பார்த்தாள். அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"இது படி வழியால்ல வருது?" என்றாள். வாங்கிக்கொண்டாள்.