என் மருமகள் டிஸ்ட்ரிபியூட்டர் ஆன கதை

என் மருமகளுக்கு இந்தப் பக்கத்துக் கடைகளில் பில் மெஷின் அக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் திருத்துவதில்லை. கடைகளில் பில் அடிக்க ஒரு சின்னப் பெட்டி வைத்திருப்பார்களே, நாக்கை நீட்டுவது மாதிரி காகிதத்தை நீட்டுமே, அதை விற்பதுதான் அவள் வேலை. மருந்துக்கடை, செருப்புக்கடை, பேக்கரி என்று நாள் முழுக்க ஏறி இறங்குவாள். அதிகம் பேசமாட்டாள். விற்கப் போகிறவளுக்கு வாய் வேண்டாமா என்று நான் ஆரம்பத்தில் கவலைப்பட்டதுண்டு. அவளோ கடைக்காரர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். அதிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

பல வருஷம் அவள் கம்பெனிக்கு ஏஜென்ட்டாக இருந்தாள். பொருள் கம்பெனியுடையது, விலையும் கம்பெனி சொல்வது, கடைக்காரருக்கு விற்பதும் கம்பெனிதான். இவள் நடுவில் நின்று பேசி முடித்து வைப்பாள், கமிஷன் வாங்கிக்கொள்வாள். கல்யாணத் தரகர் மாதிரி என்று எனக்கு விளக்கினாள்.

"பொண்ணு சரியில்லன்னா தரகரைத்தானே அடிக்க வருவாங்க?" என்றேன்.

"அடிக்க வருவாங்க அத்தை. நீயே வந்து குடும்பம் நடத்துன்னு சொல்லமாட்டாங்க" என்றாள்.

அதனால் எந்தக் கடையில் மெஷின் கெட்டுப்போனாலும், கம்பெனி மாற்றிக் கொடுக்கும் என்று சொல்லிவிட்டு வருவாள். கம்பெனியும் மாற்றிக் கொடுத்தது.

போன வருஷம் அந்தக் கம்பெனி மேனேஜர் வீட்டுக்கே வந்தார். இனிமேல் ஏஜென்ட் வேண்டாம், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகிவிடுங்கள் என்றார். கம்பெனியிடம் இவளே சரக்கை வாங்கி, இவள் பேரில், இவள் வைத்த விலைக்கு விற்கலாமாம். இவள் யோசித்தாள். ஒத்துக்கொள்ளச் சொன்னது நான்தான். எத்தனை நாளைக்கு இன்னொருத்தர் பொருளுக்கு நடையாய் நடப்பது? இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

புது மாடல் பெட்டிகள் வந்து இறங்கின. வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கினோம். தூக்கத்தில் புரண்டு படுத்தால் வாரன்டி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்றான் என் மகன். அவளும் சிரித்துக்கொண்டே போய்ப் பத்துப் பன்னிரண்டு கடைகளுக்கு விற்றுவிட்டு வந்தாள்.

அந்தப் புது மெஷின்தான் காலை வாரிவிட்டது. காலையில் ஒழுங்காக ஓடும். கூட்டம் சேர்ந்து கொஞ்சம் சூடானதும் எழுத்து மங்கி, வெறும் வெள்ளைக் காகிதமாக நீட்டும். முதலில் மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். இவள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, பழைய வழக்கப்படி, கம்பெனி மாற்றிக் கொடுக்கும் என்று சொல்லிவிட்டாள். செருப்புக்கடையிலும் பேக்கரியிலும் அதே வாக்கு. அப்புறம்தான் மேனேஜருக்குப் போன் போட்டாள். அந்த ஆள் கோபப்படக்கூட இல்லை. "நாங்க கடைக்கு விக்கலையே மேடம். உங்களுக்குத்தானே வித்தோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாடியில் ஒரு வக்கீலம்மா குடியிருக்கிறாள். அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன். கம்பெனி உனக்கு விற்றது ஒரு வியாபாரம், நீ கடைக்கு விற்றது இன்னொரு வியாபாரம் என்று அவள் பிரித்துச் சொன்னாள். கெட்ட சரக்கைக் கொடுத்ததற்குக் கம்பெனியை நீ கேட்கலாம், நானே நோட்டீஸ் எழுதித் தருகிறேன், ஆனால் கடைக்காரர் கேட்க வேண்டியது உன்னைத்தான் என்றாள்.

மருமகள் முகம் சுண்டிப்போயிற்று. நஷ்டத்தை நினைத்து அல்ல. கொடுத்த வாக்கு பொய்யாகிவிட்டதே, இனி எந்த முகத்தோடு அந்தப் படிகளை ஏறுவது, யார் உள்ளே விடுவார்கள் என்றுதான் அவளுக்குப் பயம்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. அவள் ஏஜென்ட்டாக இருந்தபோது, கடைகளில் காட்டுவதற்காகக் கம்பெனி கொடுத்த பழைய மாடல் மெஷின்கள் நாலைந்து அலமாரியில் இருந்தன. கீழே போட்டாலும் ஓடுகிற ஜாதி. அவற்றைக் கொண்டுபோய் வைத்துவிடு, யார் கேட்கப்போகிறார்கள் என்றேன்.

"அது நம்மளுது இல்ல அத்தை. காட்டறதுக்குக் கொடுத்தது. அந்த வேலை முடிஞ்சுது, திருப்பிக் கொடுத்துடணும்."

"அந்த ஆளு அதை மறந்தே போயிருப்பான்."

"அவர் மறந்தா அது என்னோடதாயிடுமா?"

வீட்டில் இருக்கிற நல்ல மெஷின் நம்முடையதில்லையாம், நம்முடைய மெஷின் நல்லதில்லையாம். இதெல்லாம் ஒரு நியாயமா? அன்றைக்கு நான் அவளோடு பேசவில்லை, சாப்பாடும் வேண்டாம் என்றேன். தட்டில் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன். கோபம் வேறு, பசி வேறு.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக்குக் கிளம்பினாள். தனியாக அனுப்ப மனசில்லாமல், மூட்டுவலிக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன். கடையில் இருந்தவர்கள் போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு போய்க் கண்ணாடிப் பெட்டியின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"அண்ணே, கம்பெனி மாத்திக் கொடுக்கும்னு சொன்னேன். அது தப்பு. இதை வித்தது கம்பெனி இல்ல, நான். நீங்க என்னைத்தான் கேக்கணும். பணம் வேணும்னா இப்பவே தரேன். மெஷினே வேணும்னா, அவங்ககிட்ட சண்டை போட்டுத்தான் வாங்கணும். கொஞ்ச நாளாகும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா கம்பெனி கம்பெனிங்கிறே. அது கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. நான் என்னிக்கு அவங்களைக் கேட்டேன்? எதுன்னாலும் உன்னைத்தானே கேட்டேன்?" என்றார். பிறகு, "போய்ச் சண்டை போட்டு வாங்கிட்டு வா. அதுவரைக்கும் கையால எழுதறேன். என் கையெழுத்து டாக்டருங்க கையெழுத்தைவிட மோசம், வாங்கறவங்க பாடு" என்றார்.

அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

எல்லாரும் இவரைப் போல இருக்கவில்லை. செருப்புக்கடைக்காரர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, போகலாம் என்பதுபோல் கதவைப் பார்த்தார். வக்கீலம்மாவின் நோட்டீஸ் போன பிறகு கம்பெனி இழுத்தடித்துத்தான் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு மருந்துக்கடைப் படியிறங்கியதும் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்தது பேக்கரி அத்தை. அவர் கத்துவார். நீங்க வீட்டுக்குப் போங்க."

"கத்தட்டும். வித்தவ நீ, நீ பேசு. நான் அங்க உக்காந்து ஒரு பன் திங்கறேன்" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.