முறத்தில் புடைத்த மணல்

எந்த மணலைக் கண்டாலும் மயில்சாமி மாமா ஒரு சிட்டிகை எடுத்துக் காதோரம் கொண்டுபோய், இரண்டு விரலுக்கிடையில் நெரிப்பார். கீச்சென்று கேட்டால் கூர் இருக்கிறது. சத்தமில்லாமல் நொறுங்கினால் உதறிவிடுவார். போர்வெல் ரிக்கில் வேலை பார்த்தபோது, மேலே வரும் தூளை இப்படி நெரித்தே அடியில் என்ன பாறை என்று சொல்வாராம். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்த்த பழக்கம்.

நாற்பத்து மூன்று வயதில் இடுப்பு போய்விட்டது. ரிக்கை விட்டுத் திருச்செங்கோட்டுக்குத் திரும்பியவர், காயலான் கடையில் ஓர் இரும்பு பீரோவை வாங்கி வந்து, கொல்லைக் கொட்டகையில் மல்லாக்கப் படுக்கவைத்தார். கதவில் கண்ணாடி பதித்தார். பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போட்டு நீளமான ரப்பர் கையுறைகளை மாட்டினார். உள்ளே துருப்பிடித்த பைக் ரிம்மைப் பிடித்துக்கொண்டு, கம்ப்ரசர் காற்றோடு மணலைப் பீய்ச்சினால் துரு உதிர்ந்துவிடும்; அப்புறம் பெயிண்ட் அடிக்கலாம். முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்த பெயிண்டர் சுப்பையன், “என்ன மயிலு, மாமியா ஊட்டு நகையத் தேடறாப்புடி இருக்குது” என்றார்.

பீரோ அமைந்துவிட்டது, மணல்தான் அமையவில்லை. ஆற்று மணல் ஈரம் காயாமல் குழாயை அடைத்தது. எம்சாண்ட் மாவாகிப் போனது. சேலத்தில் விசாரித்து ஒரு மூட்டை கார்னெட் வாங்கி வந்தார். செந்நிறத்தில், கனமாக, ஐந்தாறு தடவை அடித்தாலும் கூர் மழுங்காத மணல். ஆனால் அதன் விலைக்கு இரண்டு ரிம் வேலையின் கூலி போனது. மறுமூட்டை வாங்கவில்லை.

அப்போது நான் வேதியியல் இரண்டாம் வருடம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான்.

“படிச்சவ நீ சொல்லு, அம்மிணி. எந்தக் கல்லு நல்லா அறுக்கும்?”

செல்போனில் தேடினேன். வெங்கச்சாங்கல்லின், அதாவது குவார்ட்ஸின், கடினம் பத்துக்கு ஏழு, கண்ணாடியையே கீறும் என்று சொன்னேன். கேட்டதற்குப் பதில் தெரிந்த பெருமை. அதே பக்கத்தின் கீழே, அந்தத் தூசி நுரையீரலில் தங்கும் என்று எழுதியிருந்தது. அன்று அதைப் பார்த்தேனா, பார்த்தும் தள்ளிவிட்டேனா? எனக்கே இன்னும் நிச்சயமில்லை.

வெங்கச்சாங்கல் உடைக்கும் ஆலையில் மிச்சத் தூளைச் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். மாமா நெரித்துப் பார்த்தார். கீச்சென்றது.

சும்மா கிடைத்தாலும் வண்டி வாடகை உண்டு. அதனால் ஒருமுறை அடித்த மணலைக் கொட்டிவிட மனம் வரவில்லை. மாவாய்ப் போனதை நீக்கிவிட்டால் மீதி மறுபடி வெட்டும். அதற்கு வழி வீட்டிலேயே இருந்தது. தெய்வநாயகி அத்தையின் சமையலறை முறம். அத்தை முதலில் கொடுக்கவில்லை; மணல் பட்ட முறத்தில் அரிசி புடைப்பதா என்று சண்டை போட்டார். புது முறம் வாங்கித் தருவதாகச் சொல்லி மாமா வாங்கிக்கொண்டார்.

ஐந்து வருடம். காலையில் மாமா பீரோவுக்குள் கையை விட்டுத் தூசியைப் பூட்டிவைப்பார். சாயங்காலம் அத்தை அதைத் திறந்து அள்ளி, காற்றுக்கு முதுகு காட்டி நின்று புடைப்பார். வெள்ளையாய்ப் பறக்கும். சேலைத் தலைப்பு மூக்கில் இருக்கும். பக்கத்தில் மாமா சல்லடை பிடிப்பார். நானும் பல நாள் டீ டம்ளரோடு அங்கே நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமாதான் முதலில் இருமினார். ஆஸ்பத்திரியில் தொழில் என்ன என்று கேட்டபோது விவசாயம் என்றார். மணல் என்றால் கொட்டகையை மூடச் சொல்வார்கள் என்ற பயம். காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். எடை குறைந்ததே தவிர மூச்சு திரும்பவில்லை. சேலத்தில் வேறொரு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, கல் உடைக்கிறவரா என்று கேட்டார். மாமா தலைகுனிந்தார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன், வெங்கச்சாங்கல்லைச் சொன்னது யார் என்பதைத் தவிர. நுரையீரலில் படிந்ததை எடுக்க வழியில்லை என்றார் டாக்டர்.

கட்டிலில் கிடந்த மாமா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். “அப்ப புடைச்சவளுக்கு?”

டாக்டர் அத்தையையும் படம் எடுக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள்.

அன்றைக்கு மாமா என்னைத் திட்டியிருக்கலாம்; திட்டவில்லை. “நாயகிக்கு ஒரு முறம் வாங்கோணும் அம்மிணி. செவ்வாய்ப்பேட்டையில கெடைக்கும். போறப்ப ஞாபகப்படுத்து” என்றார். எட்டாம் நாள் இறந்துபோனார்.

காரியம் முடிந்து நான் ஒரு முறம் வாங்கிக்கொண்டு போனேன். அத்தை அதைத் தொடவில்லை.

“நீ ஏஞ்சாமி வாங்கியாந்த? அவரு தாரேன்னதல்லோ.”

ரேஷன் அரிசியைத் தட்டில் பரப்பி, விரலால் கல் பொறுக்குகிறார். ஒரு படி முடிவதற்குள் மூன்று தடவை நிமிர்ந்து மூச்சுவிட வேண்டியிருக்கிறது. பழைய முறம் கொட்டகையில் பீரோ மேல் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. மாமா தருவதாகச் சொன்ன முறம் வரவேயில்லை.