அப்பா கேட்ட காப்பி

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம். மூச்செல்லாம் அதன் வழியேதான். சூலூரில் எங்கள் வீட்டை ஒட்டி ஓடிய விசைத்தறிகளின் இரைச்சலையே மீறிக் கத்தக்கூடியவர், அதன்பின் எங்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பியதால், காந்திபுரத்தில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் எங்களைப் பார்க்க வந்தார். அவருக்கும் அதே ஆபரேஷன் நடந்திருந்தது. ஆனாலும் பேசினார். காற்றை விழுங்கி, ஏப்பமாக மேலே கொண்டுவந்து, அதையே சொல்லாக்கினார். கரகரப்புதான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"மொதல்ல வெறும் ஏப்பந்தானுங்க வரும்" என்றார் அப்பாவிடம். "வெக்கப்பட்டா பேச்சு வராதுங்க."

அப்பா வெட்கப்பட்டார். சாப்பிடும்போது நான் ஏப்பம் விட்டால் முறைத்தவராயிற்றே. அதனால் தறி ஓடும் நேரமாகப் பார்த்து, பக்கத்து நூல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். துவாரத்துக்குள் பஞ்சு போய்விடாமல் கழுத்தில் ஈரத்துணி. துணைக்கு நான். இருவரும் காற்றை விழுங்கி விழுங்கி ஏப்பம் விட்டோம். நான் சீக்கிரமே தேர்ந்துவிட்டேன். அப்பாவுக்கு வரவில்லை.

பாய் பழகச் சொன்ன சொற்கள் பாப்பா, தாத்தா, காப்பி. வீட்டில் எனக்குப் பாப்பா என்றுதான் பெயர். எனவே முதலில் எது வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வாரங்கள் போயின. சில நாள் அப்பா பாதியிலேயே சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார். அப்போதெல்லாம் அவருக்கும் சேர்த்து நானே ஏப்பம் விடுவேன்.

ஒரு மத்தியானம் நாங்கள் உள்ளே இருந்தபோது கரண்ட் போயிற்று. தறிகள் சட்டென்று நின்றன. அந்த அமைதியில் அப்பாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வெறும் ஏப்பமல்ல.

"காப்பி."

எனக்கு ஒரே ஏமாற்றம். வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு வந்து கதவைத் திறந்தாள்.

"கேக்கலீங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

அப்பா கூச்சத்தோடு சொன்னார். அப்போதும் கேட்கவில்லை என்றாள். கதவைப் பிடித்தபடி, அவர் வாயையே பார்த்துக்கொண்டு, மறுபடியும் சொல்லவைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா காப்பி கேட்கிறார் என்று கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்த முறை கோயம்புத்தூர் போகும்போது அம்மாவின் காதையும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.