ரெக்கார்டு நோட்டுல ஒரு தப்பான இதயம்

சின்னக்கா, உன்னப் பத்தி எழுத உக்காந்துட்டேன். எட்டாவதோட நின்னவ எழுதறது, தப்பு இருக்கும். இருந்தா இருக்கட்டும். தப்பில்லாம எழுதத் தெரிஞ்சவங்க லட்சணத்தத்தான் நாம ரெண்டு பேரும் பாத்தோமே.

எங்களுக்கு ஊரு அடி அண்ணாமலை. அப்பா நெல்லு, மல்லாட்டைனு பயிர் வெப்பாரு. பௌர்ணமி ஆனா மலைய சுத்த வர்றவங்களுக்கு வாசல்ல சோடா, மோரு, பிஸ்கட்டு விப்போம். பெரியக்கா கல்யாணமாயி கீழ்பென்னாத்தூர் போய்ட்டா. வீட்டுல நானும் சின்னக்காவும்தான். என்ன விட மூணு வயசு பெருசு. நல்லா படிக்கும். டவுன்ல இருக்கற பொண்ணுங்க ஸ்கூல்ல ப்ளஸ் டூ, ஃபர்ஸ்ட் குரூப்பு. மாடிப்படி ஏறினா மட்டும் மூச்சு வாங்கும். சின்ன வயசுல முட்டியெல்லாம் வீங்கி காய்ச்சல் வந்து படுத்துக் கெடந்துச்சி. சரியாப் பூட்ச்சின்னு எல்லாரும் மறந்துட்டோம்.

நான் ஏன் நின்னேன்னு சொல்லணும். எங்க ஸ்கூல்ல வாரத்துக்கு ரெண்டு டிராயிங் பீரியடு. டைம் டேபிள்ல இருக்கும், அவ்ளோதான். மணி அடிச்சதும் கணக்கு டீச்சர் வந்து உக்காந்துக்கும். டிராயிங் சாரு எங்கன்னு கேட்டா, ஆண்டு விழாவுக்கு தெர்மாகோல்ல எழுத்து வெட்டிக்கினு இருப்பாரு. இல்லன்னா பெரிய ஆபீசருங்க வர்றாங்கன்னு செவுத்துல வரவேற்பு எழுதிக்கினு இருப்பாரு. படம் சொல்லித்தரத் தெரிஞ்ச மனுசன வெச்சிக்கினு தெர்மாகோல் வெட்ட விட்டாங்க பாருங்க, அந்த அறிவாளிங்கதான் எங்களுக்கு அறிவு ஊட்ட வந்தவங்க.

ஒரு நாளு கணக்கு நோட்டு கடைசிப் பக்கத்துல ஒரு கொக்கு வரைஞ்சேன். ஏரியில நிக்கிற கொக்கு. டீச்சர் அத கிழிச்சி என் முதுவுல பின்னு குத்தி கிளாஸ் கிளாஸா அனுப்பிச்சிது. "பாருங்கடி, கணக்கு வராத கழுதைக்கு கொக்கு வருது"ன்னுச்சி. எல்லாம் சிரிச்சிச்சிங்க. மறுநாள்ளேர்ந்து நான் போவல. அம்மா வெளக்கமாத்தால அடிச்சாங்க. அப்பயும் போவல.

இதுல கூத்து என்னன்னா, கொக்கு வரைஞ்சதுக்கு தொரத்துன அதே படிப்பு, படம் வரைய ஆள தேடிக்கினு எங்க வீட்டுக்கே வந்துச்சி.

ப்ளஸ் டூவுல சயின்ஸ் படிக்கறவங்களுக்கு பயாலஜி ரெக்கார்டுன்னு ஒரு பெரிய நோட்டு உண்டு. ஒரு பக்கம் கோடு போட்டது, எழுத. எதிர்பக்கம் வெள்ளை, வரைய. எல்லாத்தையும் முடிச்சி டீச்சர் கையெழுத்து வாங்கினாத்தான் பிராக்டிகல் பரிச்சைக்கு உள்ள விடுவாங்க. ஆனா ஃபர்ஸ்ட் குரூப்பு பொண்ணுங்களுக்கு ஒரு கோடு நேரா போட வராது. வரைஞ்சா கௌரவம் கொறைஞ்சிடும். அதனால, "உன் தங்கச்சி வரையுமாமே"ன்னு சின்னக்காகிட்ட நோட்ட குடுத்து அனுப்புவாங்க. தவளை, கரப்பான், செம்பருத்திப் பூவு, மனுசனோட கண்ணு, காது, எல்லாம் நான்தான். எனக்கு ஒரு பென்சிலு, ஒரு கிளிப்பு, சில பேரு தேன்மிட்டாய் குடுப்பாங்க. டீச்சருங்க அதப் பாத்து வெரி குட்டு போடுவாங்க. அந்த வெரி குட்டெல்லாம் கொக்கு வரைஞ்ச கழுதைக்குன்னு அவங்களுக்குத் தெரியாது.

நான் போன வருசத்து நோட்டு மேல அடி தெரியற பட்டர் பேப்பர வெச்சி படத்த எடுத்து அப்பிடியே எறக்கிடுவேன். சின்னக்காவுக்கு மட்டும் அது ஆவாது. பக்கத்துல உக்காந்துக்கினு, இது ரத்தம் வர்ற வழி, இது போற வழி, இங்க ஒரு கதவு இருக்குது, ஒரு பக்கமாத்தான் தெறக்கும்னு சொல்லிக்கினே இருக்கும்.

"எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? நான் என்னா டாக்டரா?"

"தெரியாம வரைஞ்சா நீ ஜெராக்ஸ் மிசினு. நான் படத்த உத்துப் பாக்காம மனப்பாடம் பண்ணா நானு டேப் ரெக்கார்டு. ரெண்டும் கரண்டு போனா நின்னுடும்டி."

அதுக்கு ஒரு ஆசை. நான் வரையணும், அது எழுதணும், ரெண்டும் சேந்து ஒரு புக்கு. உடம்புக்குள்ள என்னா இருக்குதுன்னு எட்டாவதோட நின்னவங்களுக்குக்கூட புரியற மாதிரி. அதுக்காகவே ஒரு படிப்பு இருக்குதான்னு டீச்சர கேட்டுச்சாம். "டிராயிங்னா டிராயிங் காலேஜுக்கு போ. சயின்ஸ்னா சயின்ஸ் படி. ரெண்டு படகுல கால் வெக்காத"ன்னு பதிலு வந்துச்சாம். ரெக்கார்டு நோட்டு தெச்ச தொழிலாளிக்குத் தெரிஞ்சிருக்குது, கோடு போட்ட தாளையும் வெள்ளத் தாளையும் சேத்து ஒரே நூலால தெச்சிருக்கான். அத வெச்சி பாடம் நடத்தறவங்களுக்குத் தெரியல.

அக்காவோட நோட்டுலயே இதயம் படம் வரைஞ்சி குடுத்தேன். ஒரு ஞாயித்துக்கெழம அது நோட்டையும் தூக்கிக்கினு என்ன கறிக்கடைக்கு இஸ்துக்கினு போச்சி.

"பாய், இதயம் இருக்குதா?"

"எனக்காம்மா? இருக்குது. அதனாலதான் எலும்ப கம்மியா போடறேன்."

சிரிச்சிக்கினே ஆட்டோட இதயம் ஒன்ன எலையில சுத்திக் குடுத்தாரு. வீட்டுக்கு வந்து தட்டுல வெச்சி பிளேடால ரெண்டா பொளந்துச்சி. உள்ள ஒரு பக்கம் சொவரு மெல்லிசு, ஒரு பக்கம் என் கட்டவெரலு தடிமன். அக்கா அதையே பாத்துச்சி. அப்புறம் என் படத்த பாத்துச்சி. அப்புறம் புக்க பாத்துச்சி.

"ஏய், எடது பக்கம்தாண்டி கெட்டியா இருக்கணும். அதுதான் உடம்பு பூரா ரத்தத்த தள்ளுது. நீ கெட்டியா வரைஞ்ச பக்கத்துல வலதுன்னு எழுதியிருக்குது."

"போன வருசத்து நோட்டுல அப்பிடித்தான்க்கா இருந்துச்சி."

அதுக்கு முன்ன வருசத்து நோட்டு ஒன்னு வாங்கிப் பாத்தோம். அதுலயும் அப்பிடித்தான். அதுக்கும் முன்னது, அதுலயும். அக்காதான் கண்டுபுடிச்சிது. என்னிக்கோ ஒரு பொண்ணு பட்டர் பேப்பர்ல பென்சிலால எடுத்து, அத கவுத்துப் போட்டு தேச்சிருக்கா. கவுத்துப் போட்டா படம் திரும்பிடும். எடது வலது பக்கமா பூடும். ஆனா பேருங்கள மட்டும் புக்குல இருந்த எடத்துலயே எழுதிட்டா. அன்னிலேர்ந்து எல்லாரும் அதையே எறக்கி, டீச்சரும் அதுக்கே கையெழுத்து போட்டுக்கினு வந்திருக்குது. நானே எத்தினி நோட்டுல எறக்கியிருப்பேன்!

"சமைக்கற சாமான வெச்சி என்னாடி வெளையாட்டு?"ன்னு அம்மா வந்து புடுங்கிக்கினு போறதுக்குள்ள, பட்டர் பேப்பரே இல்லாம, ஆட்டு இதயத்தையும் புக்கையும் பாத்து புதுசா ஒன்னு வரைஞ்சேன். நான் வரைஞ்சதுலயே அதுதான் நல்ல படம். ஏன்னா அத மட்டும்தான் புரிஞ்சி வரைஞ்சேன். அக்கா பழைய பக்கத்து மேல இத ஒட்டிக்கினு பெருமையா ஸ்கூலுக்கு எடுத்துக்கினு போச்சி.

சாயங்காலம் செவப்பு மையில பெருக்கல் குறியோட திரும்பி வந்துச்சி. மூக்குக் கண்ணாடி போட்ட மாதிரி வெரல வெச்சிக்கினு அக்கா பயாலஜி டீச்சர் பேசினத பேசிக் காட்டிச்சி.

"எத்தினி வருசமா இந்தப் படத்துக்கு கையெழுத்து போடறேன். நீ கறிக்கடைக்குப் போயிட்டு வந்து எனக்கு பாடம் எடுக்கறியா?"

"புக்குலயும் இப்பிடித்தான் டீச்சர் இருக்குது."

"புக்குல இருக்கறது புக்குக்கு. ரெக்கார்டுல இருக்கறது ரெக்கார்டுக்கு. எல்லா நோட்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் வெளியிலேர்ந்து வர்றவங்க கேள்வி கேக்க மாட்டாங்க. மாத்தி வரைஞ்சிக்கினு வா, கையெழுத்து போடறேன்."

பேசிக் காட்டி முடிச்சதும் சிரிக்கல. "நான் மாத்த மாட்டேன்"னுச்சி.

பிராக்டிகலுக்கு பத்து நாளுகூட இல்ல. கையெழுத்து இல்லன்னா பரிச்சை இல்ல. அப்பா முன்னயே சொல்லிட்டாரு, இந்த வருசம் பாஸாவலன்னா மாப்ள பாத்துடுவேன்னு. செங்கத்துல ஒரு எடம் ரெடியா இருந்துச்சி. நான் தெனமும் கெஞ்சுவேன். "ஒரு படம்தானக்கா." அக்கா என்னப் பாத்து ஒன்னு கேட்டுச்சி. "கொக்க காக்கான்னு எழுதினா கையெழுத்து போடறேன்னா நீ எழுதுவியா?"

பௌர்ணமி வந்துச்சி. எல்லாரும் வாசல்ல கடையில இருந்தாங்க. மோரு கலக்க உள்ள வந்தவ, அக்கா நோட்ட எடுத்தேன். செவப்பு மை போட்ட பக்கத்து மேல வெள்ளத் தாள ஒட்டினேன். புக்குல இருந்த படத்த பட்டர் பேப்பர்ல எடுத்து, வேணும்னே கவுத்துப் போட்டு தேச்சேன். தப்பான இதயத்த எவ்ளோ அழகா வரைய முடியுமோ அவ்ளோ அழகா வரைஞ்சி, அக்காவோட படிக்கற பொண்ணுகிட்ட குடுத்து அனுப்பிட்டேன். கையெழுத்து வந்துச்சி. வெரி குட்டும் வந்துச்சி. டீச்சரத் திட்டறேனே, நான் என்னா யோக்கியம்?

அக்கா பரிச்ச எழுதிச்சி. பிராக்டிகல்ல முழு மார்க்கு. எங்கிட்ட ரெண்டு நாளு பேசல. அப்புறம் பேசிச்சி. ஆனா அதப் பத்தி பேசல. எங்கிட்ட ஒரு படமும் அப்புறம் கேக்கல.

அந்த வருசம் மழையில அதுக்கு காலெல்லாம் வீங்கிச்சி. படுத்தா மூச்சு வரல. டவுன் ஆஸ்பத்திரியிலேர்ந்து பாண்டிச்சேரிக்கு கூட்டிக்கினு போவச் சொன்னாங்க. அங்க டாக்டரு, "கூட வந்தவங்கள்ல படிச்சவங்க யாரு?"ன்னாரு. அப்பா தலய குனிஞ்சிக்கினாரு. டாக்டரு ஒரு சீட்டு பின்னாடி சரசரன்னு ஒரு இதயம் போட்டாரு. பேரு எதுவும் எழுதல. ஒரு எடத்துல சுழிச்சாரு.

"எடது பக்க கதவுங்களா சார்? மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல?"ன்னேன்.

அவரு நிமுந்து பாத்தாரு. "நீ நர்சிங் படிக்கறியா?"

"எட்டாவது சார்."

அந்தக் கதவு சின்ன வயசு காய்ச்சல்லயே கெட்டிருக்குது, ரொம்ப சுருங்கிடுச்சின்னு சொன்னாரு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான்தான் அந்த சீட்ட காட்டி வெளக்கினேன். சின்னக்கா கட்டில்லேர்ந்து சீட்ட வாங்கிப் பாத்துச்சி. "கத்திரிக்கா மாதிரி போட்டிருக்காரு. ஆனா பக்கத்த சரியா போட்டிருக்காரு"ன்னுச்சி. அப்புறம் என் கைய புடிச்சிக்கினு, "ஸ்கூல்ல இருக்குதுல்ல என் நோட்டு, அந்தப் பக்கத்த மாத்திட்றி"ன்னுச்சி. முதல் தடவயா அதப் பத்தி பேசிச்சி. அப்புறம் ஒரு வாரம்தான் இருந்துச்சி.

காரியத்தன்னிக்கு பயாலஜி டீச்சர் வந்துச்சி. காபி குடிச்சிக்கினே அம்மாகிட்ட சொல்லிச்சி. "தங்கமான பொண்ணு. கை என்னா கைங்க அது! அந்த இதயம் படத்த லேப்ல மாதிரிக்கு வெச்சிருக்கேன். இப்ப இருக்கற பொண்ணுங்க எல்லாம் அதப் பாத்துதான் வரையுதுங்க." அம்மா அழுதாங்க.

அந்த வாரமே புதுசா வரைஞ்ச பக்கத்த எடுத்துக்கினு ஸ்கூலுக்குப் போனேன்.

"கையெழுத்து போட்ட பக்கத்த எப்பிடிம்மா மாத்தறது?"ன்னுச்சி டீச்சர்.

"எங்கக்காவுக்கு கெட்டது எடது பக்கத்துக் கதவு டீச்சர். நீங்க வெச்சிருக்கற படத்துல அது வலது பக்கத்துல இருக்குது."

டீச்சர் என்ன மேலயும் கீழயும் பாத்துச்சி. அப்புறம், "நீ எது வரைக்கும் படிச்சிருக்க?"

"எட்டாவது."

"அதான்."

அந்த ஒரு வார்த்தைக்கு லேப்ல இருந்த அக்கா நோட்ட எடுத்து அந்தப் பக்கத்த சர்ருன்னு கிழிச்சேன். கையெழுத்தோட, வெரி குட்டோட. டீச்சர் கத்திச்சி. பொண்ணுங்க எல்லாம் வெளிய வந்து பாத்துச்சிங்க. கொண்டு போன பசைய தடவி என் பக்கத்த ஒட்டி, காயற வரைக்கும் கையால அழுத்திக்கினு நின்னேன். அப்புறம் வந்துட்டேன். அத வெச்சாங்களா, குப்பையில போட்டாங்களான்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. இப்பவும் பொண்ணுங்க வரையச் சொல்லி ரெக்கார்டு கொண்டாந்து குடுக்கறாங்க. இதயத்த மட்டும், எது எந்தப் பக்கம்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்துக்கினு போவணும். சொல்லலன்னா நோட்டு இங்கயே கெடக்கும். அக்கா ஆசப்பட்ட புக்கு மட்டும் போடல. எழுதறதுக்கு ஆளு இல்ல.

இதப் படிக்கறவங்களுக்கு ஒன்னு கேக்கறேன். நீங்க எந்த சாமிய கும்புட்டாலும் சரி, எங்க சின்னக்காவுக்காக ஒரு வார்த்த வேண்டிக்குங்க. மலைய சுத்த வந்தீங்கன்னா அடி அண்ணாமலைய தாண்டறப்ப ஒரு நிமிசம் நின்னு வேண்டிக்குங்க. போன எடத்துலயாவது மூச்சு வாங்காம இருக்கட்டும்னு. பேரு தெரியலன்னு விட்டுடாதீங்க. சின்னக்கான்னு சொன்னாப் போதும்.